ஒரே முறை ஊற்றும் தண்ணீர்

எங்கள் வீட்டில் கடவுளைக் கூப்பிடுவதற்கே இரண்டு பாஷை. நான் சர்வேசுரன் என்பேன், என் கணவர் பராபரன் என்பார். நான் சேசு என்பேன், அவர் இயேசு என்பார். நான் விடியற்காலையில் போவது பூசைக்கு, அவர் வெயில் ஏறிய பிறகு போவது ஆராதனைக்கு. எங்கள் பக்கம் பெண்டாட்டி பிள்ளை இல்லாத சாமியார், அவர்கள் பக்கம் குடும்பம் நடத்தும் போதகர். ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு நாங்கள் எல்லோரும் வேதக்காரர்கள், அவ்வளவுதான். "ரெண்டு பேருக்கும் ஒரே சாமிதானேமா, அப்புறம் என்னாத்துக்கு ரெண்டு கோயிலு?" என்று எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா கேட்பாள். அவள் வீட்டுக்காரர் பெரிய கோயிலுக்கும் சின்ன கோயிலுக்கும் சேர்த்துத்தான் கும்பிடு போடுவார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். சிரிக்க முடிந்த காலம் அது.

என் அப்பாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி. பல தலைமுறையாக நாங்கள் ஆர்.சி. என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், புராட்டஸ்டண்டு குடும்பம். சாதி ஒன்று, கோயில்தான் வேறு. சாதி ஒன்றாக இருந்துவிட்டால் நம் பெரியவர்கள் கடவுளைக்கூடச் சரிக்கட்டிவிடுவார்கள். இரண்டு வீட்டு அப்பாக்களும் பாயில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தாலி அவர்கள் கோயிலில், தண்ணீர் எங்கள் கோயிலில். அதாவது கல்யாணம் அவர்கள் முறைப்படி, பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் எங்கள் முறைப்படி. இதைவிட நியாயம் உண்டா என்று எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனார்கள். இந்த ஏற்பாட்டை இரண்டு கோயில்களில் ஏதாவது ஒன்று ஒப்புக்கொள்ளுமா என்று யாரும் போய்க் கேட்கவில்லை.

எங்கள் கோயில் ஒப்புக்கொள்ளவில்லை. சாமியார் முன்னால் நடக்காத கல்யாணம் கல்யாணமே அல்ல என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். அறுபதுகளில் அந்தச் சட்டம் இரும்பு மாதிரி. பூசைக்கு வரலாம், ஆனால் நன்மை வாங்கக் கூடாது. நன்மை என்றால் அப்பத்தின் வடிவில் வரும் ஆண்டவரை நாவில் வாங்குவது. சின்ன வயதில் வெள்ளை கவுன் போட்டு, தலையில் பூமுடி வைத்து நான் வாங்கப் பழகியது. மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியண்டை போய் முழங்கால் போடுவார்கள். நான் கடைசி வரிசையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலை குனிந்திருப்பேன். என்னோடு ஞானோபதேசம் படித்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அவர்கள் திரும்பிப் பார்க்காததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆனாலும் அந்த முதல் வருஷங்களில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். சண்டையும் சந்தோஷத்தில் சேர்ந்ததுதான். நான் செபமாலையை எடுத்தால் அவர் சாய்வு நாற்காலியிலிருந்து, "எழுதியிருக்குதா?" என்பார். அவருக்கு எல்லாம் வேதாகமத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாதது மனுஷன் சேர்த்தது. மாதாவிடம் வேண்டிக்கொள்வது, செத்தவர்களுக்குப் பூசை வைப்பது, வெள்ளிக்கிழமை கறி தின்னாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் அவருடைய ஒரே கேள்வி அதுதான். புத்தகம் எழுதுவதற்கு முன்னாலேயே திருச்சபை இருந்தது, எந்தப் புத்தகம் வேதம் என்று சொன்னதே நாங்கள்தான் என்று கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்ததை நான் ஒப்பிப்பேன். விசுவாசம் இருந்தால் போதும், அதுவே இரட்சிக்கும் என்பார் அவர். அப்படியானால் நான் சமைக்காமல் உட்கார்ந்து விசுவாசிக்கிறேன், நீங்கள் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்பேன். ஒருநாள் என் தாலியைத் தூக்கிக் காட்டி, "இது எந்த அதிகாரத்துல எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க," என்றேன். அவர் வெகுநேரம் சிரித்தார். அன்றைக்கு ஜெயித்தது நான்தான்.

ஆவணி மாதம் பிள்ளையார்பாளையத்தில் என் அம்மா வீட்டில் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டில்தானே. குழந்தைக்கு நிறைய முடி. தறிச் சத்தத்துக்குத் தூங்கும், தறி நின்றால் விழித்துக்கொண்டு அழும். அப்பா சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியவில்லை என்று பெருமையாகத் தெருவெல்லாம் புலம்பினார்.

ஞானஸ்நானம் என்று பேச்சு வந்ததும் எல்லாம் முட்டிக்கொண்டது. முதலில் கல்யாணத்தை எங்கள் கோயிலில் சரிசெய்துகொள்ளுங்கள், பிறகு குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றார் சாமியார். ஆண்டவர் முன்னால் ஒருமுறை கொடுத்த வாக்கை இன்னொரு முறை கொடுத்தால் முதல் வாக்கு பொய் என்றாகும் என்றார் என் கணவர். அவருடைய போதகர் வருகிற ஞாயிறே ஞானஸ்நானம் கொடுக்கத் தயாராக இருந்தார். தண்ணீர் எங்கள் கோயிலில் என்று பேசியிருக்கிறோம், பேச்சு மாறக் கூடாது என்றார் என் அப்பா. ஆளுக்கொரு நியாயம் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் அசைக்க முடியாத நியாயம். குழந்தை நடுவில் கிடந்து கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

பெயரும் வைக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் தண்ணீர் ஊற்றும்போதுதான் பெயர். அவருக்கு வேதத்தில் வரும் ஒரு பெண்ணின் பெயர் வேண்டும். எனக்கு ஒரு அர்ச்சியசிஷ்டவளின், அதாவது ஒரு புனிதையின், பெயர் வேண்டும், மோட்சத்தில் என் பிள்ளைக்காகப் பரிந்து பேச ஆள் இருக்கும். முடிவாகும்வரை பாப்பா என்று கூப்பிடுவோம் என்று விட்டோம்.

இனிமேல் நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒன்றை விளக்க வேண்டும். ஞானஸ்நானம் என்பது ஆயுளில் ஒரே ஒரு முறை. சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசரத்தில் யாரும் ஊற்றலாம். புராட்டஸ்டண்டு ஊற்றினாலும் செல்லும், இந்துவே ஊற்றினாலும் செல்லும். தலையில் தண்ணீர் ஓட வேண்டும், சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஏற்கெனவே பெற்ற ஒருவருக்கு இரண்டாம் முறை ஊற்றுவது தேவதுரோகம். முதல் முறை பதிந்த முத்திரையைப் பொய் என்று சொல்லும் பாவம். பிரம்பால் அடித்து எங்களுக்கு மனப்பாடம் செய்வித்த பாடம் இது. பெறாமல் செத்த குழந்தைக்கு மோட்சம் இல்லை, லிம்போ என்று ஓர் இடம், அங்கே வேதனை இல்லை, ஆனால் ஆண்டவர் முகத்தை ஒருநாளும் பார்க்க முடியாது என்பதும் அதே பாடத்தில் அடுத்த கேள்வி பதில்.

ஐப்பசியில் என்னையும் குழந்தையையும் அழைத்துப் போக அவர் வந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் அம்மா குழந்தையின் நெற்றியில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் தண்ணீர் அது. எங்கள் வீடுகளில் ஒரு குப்பியில் எப்போதும் இருக்கும். வெளியே கிளம்பினால், இடி இடித்தால், குழந்தை பயந்து அழுதால் விரலில் தொட்டு வைப்போம். திருநீறு வைப்பது மாதிரி ஒரு வழக்கம். அதற்கும் ஞானஸ்நானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அம்மா ஏதோ முணுமுணுத்தாள், குழந்தையின் நெற்றியில் ஈரம் மின்னியது, அரைஞாணில் புதிதாக ஒரு மாதா சுரூபம் தொங்கியது. அவர் வாசலிலேயே கொஞ்சநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. வழியெல்லாம் பேசாமல் வந்தார். என்னமோ கோபம், தானாகத் தணியும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் தணிந்தும்விட்டது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். அவர் குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு அவர்கள் கோயிலுக்குப் போனார். எல்லோரும் பார்க்கக் கேட்கிறார்கள் என்றார். அவர் அக்கா தைத்துக் கொடுத்த வெள்ளை உடுப்பைப் போட்டு எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது உடுப்பு காய்ந்திருந்தது, குழந்தையின் தலை மட்டும் ஈரம். நிறைய முடி அல்லவா, நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு தூறல்கூட இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை என் பக்கத்தில் கிடத்திவிட்டுத் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். ஒப்பந்தத்தை மீறித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் மாரில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. யார் ஊற்றினால் என்ன, செல்லும். என் பிள்ளைக்கு வாசல் திறந்துவிட்டது. இதை நான் கேட்டால் அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும், அப்பாவுக்குத் தெரிந்தால் இரண்டு வீடும் வெட்டுப்பழி குத்துப்பழி ஆகும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். மறுநாள் காய்ச்சலோடு எழுந்து அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவர் ரசித்துச் சாப்பிட்டார்.

பங்குனி வெயிலில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. கூடவே வாந்தி. பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். ஊசி போட்டார்கள், க்ளுக்கோஸ் ஏற்றினார்கள், கொஞ்சம் தேவலாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பியிருக்கக் கூடாது. மறுநாள் காலை கண் உள்ளே போய்விட்டது, அழக்கூடத் தெம்பு இல்லை. அவர் ரிக்‌ஷா பார்க்க ஓடினார். ரிக்‌ஷா வந்து நின்றபோது இனி தூக்கிப் போக ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் செம்பில் தண்ணீர் இருந்தது. ஈரத்துணி நனைத்து உதட்டைத் தடவிக்கொண்டிருந்த தண்ணீர். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நான் செம்பைப் பார்த்தேன். என் கை அதன்மேல் போயிற்று. பாடம் முழுதும் நினைவு வந்தது, ஒரு கேள்வி பதில் விடாமல். இரண்டாம் முறை ஊற்றினால் தேவதுரோகம். கடைசி நேரத்தில் என் பிள்ளையின் தலையில் ஒரு பாவத்தை ஊற்றுவேனா? கையை எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் ஒரு சமாதானம் இருந்தது. என் பார்வையிலும் இருந்திருக்க வேண்டும். தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்த முற்பகல். அந்தச் சத்தத்திலேயே பாப்பா போய்விட்டாள்.

அடக்கம் கேட்க அப்பாவும் அவரும் சாமியாரிடம் போனார்கள். சீக்கிரமே திரும்பி வந்தார்கள். நான் குழந்தையை மடியில் வைத்திருந்தேன், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கூடம் நிறைய ஜனம். அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"சாமியாரு கேக்கறாருமா, யாரு தண்ணி ஊத்தினதுன்னு. மாப்பிள்ளை உங்கம்மாதான்னு சொல்றாரு. உங்கம்மா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு, நல்லாயிருக்கிற குழந்தைக்கு வீட்டில் ஊற்றினால் பாவமாச்சே, நான் ஏன் ஊற்றப்போகிறேன் என்றாள். நான் அவரைப் பார்த்தேன்.

"நீங்கதானே கோயில்ல ஊத்திக்கினு வந்தீங்க. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். தலையெல்லாம் ஈரமா இருந்துச்சே."

அவர் குனிந்து குழந்தையின் தலையைத் தொட்டார்.

"மழைமா," என்றார். "அங்க நல்ல மழை. கோட்டுக்குள்ள வெச்சிக்கினு வந்தேன், தலை மட்டும் நனைஞ்சிடுச்சி. நீங்க பிள்ளையார்பாளையத்துலயே ஊத்தியிருப்பீங்கன்னு நான் நெனச்சேன்."

அவ்வளவுதான். நாங்கள் ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டிருந்தோம். செய்யாத குற்றத்துக்கு. அந்த மன்னிப்பில் ஒரு குழந்தை போயிற்று. சண்டைக்காரக் குடும்பமாக இருந்திருந்தால் ஐப்பசியிலேயே ஒரு கூச்சல் கிளம்பியிருக்கும், உண்மை வெளியே வந்திருக்கும், என் பிள்ளைக்கு யாராவது தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். நாங்கள் நாகரிகமானவர்கள்.

சின்ன வயதில் அப்பாவுக்குத் துணையாகத் தறியில் கரைப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். கோர்வைச் சேலைக்கு இழை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. ஒவ்வொரு இழையிலும் இரண்டும் ஒன்றையொன்று கோர்த்துக்கொள்ள வேண்டும். போட்டாச்சு என்று நான் குரல் கொடுத்த பிறகுதான் அப்பா அடுத்த இழைக்குப் போவார். போட்டிருப்பாள் என்று அவராக நினைத்துக்கொண்டு போனால் கரை தனியாக, உடல் தனியாகக் கையோடு வந்துவிடும். ஒரு சேலைக்கு அவ்வளவு ஜாக்கிரதை எங்களுக்கு.

தண்ணீர் பெறாத குழந்தையை மந்திரித்த மண்ணில் வைக்க முடியாது, கல்லறைச் சுவருக்கு வெளியே ஓரமாக வைத்துக்கொள்ளலாம், மணி கிடையாது, செபம் கிடையாது என்பது மறுபடி போனவர்களுக்குச் சாமியார் சொன்ன பதில். அப்பா அவர் காலில் விழுந்தாராம். சட்டம் நான் போட்டதல்ல என்றாராம் சாமியார். அவர் சொன்னது உண்மைதான், அவர் போட்டதல்ல.

அவர்கள் போதகர் சொல்லி அனுப்பியதும் வந்தார். நல்ல மனிதர், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஞானஸ்நானம் ஓர் அடையாளம்தான், இரட்சிப்பது தேவகிருபை, குழந்தை ஆண்டவர் கையில் இருக்கிறது என்றார். தங்கள் கல்லறைத் தோட்டத்தில் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்தார், வேப்பமரத்துக்குப் பக்கத்தில். குழிக்கு முன்னால் நின்று நீளமாக ஜெபித்தார். துக்கப்படுகிற தாய்க்கு ஆறுதல் தாரும், தகப்பனைத் திடப்படுத்தும், இந்தக் குடும்பத்தைத் தாங்கும். நான் காத்திருந்தேன். ஆமென் வந்துவிட்டது. குழந்தைக்காக ஒரு வார்த்தை இல்லை. நான் அவரிடம் போய், ஐயா, பாப்பாவுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவர் தயங்கினார். மரித்தவர்களுக்காக நாங்கள் ஜெபிக்கிறதில்லையேமா, அது வேதத்தில் இல்லை, அவளுக்கு நம் ஜெபம் தேவையும் இல்லை என்றார், மிகவும் மெதுவாக.

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளத் தெரிந்த கோயில் என் பிள்ளையை ஏற்கவில்லை. என் பிள்ளையை ஏற்றுக்கொண்ட கோயிலுக்குச் செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளத் தெரியாது. உலகத்தில் இத்தனை கோடி வேதக்காரர்கள் இருந்தும் அன்றைக்கு அவளுக்காக ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நான் கற்ற செபங்கள் எல்லாம் ஞானஸ்நானம் பெற்ற ஆத்துமாக்களுக்கானவை.

எதிர்வீட்டம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு ஏது பாவம், நேரே சாமிகிட்டே போயிருக்கும் என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான். அவளுக்கு ஒரே நிமிஷத்தில் தெரிந்த விஷயம் எனக்கு எந்த நாளும் தெரியப்போவதில்லை என்று அவள்மேல் ஆத்திரம் வந்தது.

அதற்குப் பிறகு அவர் வேதாகமத்தோடு உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, காபி குடித்து, புத்தகத்தை விரித்தால் விளக்கு வைக்கும்வரை. தேடுகிறார் என்று தெரியும். மாதங்கள் போயின. ஒருநாள் அவர் பக்கத்தில் போய் நின்று, "எழுதியிருக்குதா?" என்று கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழந்தை செத்ததும் எழுந்து, குளித்து, சாப்பிட்ட ஒரு ராஜாவைப் பற்றிச் சொன்னார். ஒருநாள் நான் அதனிடத்தில் போவேன் என்று அந்த ராஜா சொன்னானாம்.

"அது ராஜாவோட குழந்தைக்குச் சொன்னதுங்க," என்றேன். "நம்ம பாப்பாவுக்கு?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பக்கத்தைப் புரட்டினார். எல்லாம் எழுதியிருக்கும் என்று நம்பிய மனுஷன். தன் மகளைப் பற்றி மட்டும் எழுதவில்லை என்பதை அவர் எப்படித் தாங்கினார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியவில்லை.

அடுத்த வருஷம் அவராகவே எங்கள் சாமியாரிடம் வந்து கல்யாணத்தைச் சரிசெய்துகொண்டார். பூ இல்லை, பாட்டு இல்லை, கோயிலின் பின்னறையில் இரண்டு சாட்சிகள். இரண்டாம் முறை வாக்கு கொடுத்தால் முதல் வாக்கு பொய் என்று அவர் இந்தத் தடவை சொல்லவில்லை. குழந்தை உயிரோடு இருந்தபோது குனியாத தலை. இப்போது குனிந்து என்ன? அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மறுபடி நன்மை வாங்குவதற்கு முன் நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கூண்டுக்குள் முழங்காலிட்டு, செம்பு, தண்ணீர், இரண்டாம் முறை தேவதுரோகம் என்று கையை எடுத்தது எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர், சந்தேகம் இருந்தால் அதற்கு ஒரு முறை இருக்கிறது, ஏற்கெனவே பெறாதிருந்தால் என்று முதலில் சொல்லிவிட்டு ஊற்றலாம், அதில் பாவம் இல்லை என்றார். ஏற்கெனவே பெறாதிருந்தால். இவ்வளவுதான். பிரம்பு வைத்து இத்தனை பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த ஒரு சொல்லை ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை? சாமியாருக்குத் தெரியும், அவருக்கு மேலே இருக்கும் மேற்றிராணியாருக்குத் தெரியும், சாகும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பொம்பளைக்குத் தெரிய வேண்டாமா? அவர் எனக்கு அபராதமாகக் கொஞ்சம் செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

அதற்குள் கோயிலில் எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. லத்தீன் போய்த் தமிழ் வந்தது. முதுகைக் காட்டிப் பூசை வைத்த சாமியார் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். கிராதியை எடுத்துவிட்டார்கள். பார்த்தாயா, மாறவே மாறாது என்றாயே என்று என் கணவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் வீட்டில் வாதம் செய்யும் வழக்கம் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. அதுவும் எனக்குத் துக்கமாக இருந்தது. மாதா படத்துக்கு முன்னால் நான் செபமாலையை எடுத்தால் அவர் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விடுவார்.

எழுபதுகளின் நடுவில் புதிதாக ஓர் இளம் சாமியார் வந்தார். சைக்கிளில் வீடு வீடாகப் போகிறவர். எங்கள் வீட்டிலும் உட்கார்ந்து மோர் குடித்தார். எப்படியோ பாப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் லிம்போ என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அம்மா, அது திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, படித்தவர்கள் சொன்ன ஓர் அபிப்பிராயம், இப்போது அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அடக்கச் சடங்கே இருக்கிறது, ஆண்டவர் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்றார். எனக்கு நல்ல செய்தி கொண்டுவந்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அபிப்பிராயமா? ஓர் அபிப்பிராயத்துக்காகவா என் அப்பா காலில் விழுந்தார்? சுவருக்கு வெளியே ஓரமாக எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளைப் புதைத்துவிட்டுப் போனார்கள்? அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? இன்றைக்கு இதுதான் பாடம் என்கிறீர்கள், நாளைக்கு இன்னொரு சாமியார் வந்து இதுவும் அபிப்பிராயம் என்று சொல்ல மாட்டார் என்று நான் எதை வைத்து நம்புவது? இதையெல்லாம் நான் அவரிடம் கேட்கவில்லை. சின்னப் பையன், என்னைப் பார்க்கவே பயந்து போயிருந்தார்.

கிளம்பும்போது அவர் ஒரு காரியம் சொன்னார். வருகிற கல்லறைத் திருநாள் பூசையில் பங்கில் இறந்தவர்கள் பெயரையெல்லாம் வாசிக்கப்போவதாகவும், அதில் என் குழந்தையின் பெயரையும் சேர்த்து வாசித்து வேண்டிக்கொள்வதாகவும் சொன்னார். அதைக் கேட்டபோது மட்டும் எனக்கு உள்ளே என்னமோ அசைந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு வாய் அவளுக்காகத் திறக்கப்போகிறது.

"பேர் சொல்லுங்கம்மா," என்றார்.

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

என் கணவர் மாலையில் வந்தார். காபி கொடுத்தேன். சாமியார் வந்துபோனதைச் சொன்னேன். பூசையில் பெயர் வாசிப்பது செத்தவர்களுக்காக வேண்டுவது, அவருக்கு ஆகாத காரியம், ஏதாவது சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். வாசிக்கட்டும் என்றார்.

"என்ன பேருங்க சொல்றது?" என்று கேட்டேன். இத்தனை வருஷமாகப் புத்தகத்தின்மேல் கண்ணை மூடி உட்காருகிறாரே, அவருக்குப் பிடித்த அந்தப் பெயரைச் சொல்லித்தான் உள்ளுக்குள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்பியிருந்தேன். அதனால்தான் நான் ஒரு பெயரும் வைக்கவில்லை.

அவர் டம்ளரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"மாதா படத்தாண்ட முணுமுணுக்கிறியே. நீ வெச்சிருப்பேன்னு நெனச்சேன்மா," என்றார்.

எதிர்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. காபியைக் குடித்து முடித்து, இப்போது வைத்தால் என்ன என்றார். சரி என்றேன்.

"நீயே சொல்லு, உங்க பக்கத்துப் பேரா," என்றார்.

"நீங்க சொல்லுங்க. உங்களுக்குப் பிடிச்ச பேரு," என்றேன்.

அவர் என் மனசு நோகக் கூடாது என்று பார்த்தார். நான் அவர் மனசு நோகக் கூடாது என்று பார்த்தேன். இருட்டியதும் பெயர் முடிவாகாமலேயே எழுந்து விளக்கைப் போட்டேன். கல்லறைத் திருநாள் வந்தது. சாமியார் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து முடித்தார்.